நரம்பு டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு: எல்லைப் பக்கத்து வழிகாட்டி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கத்தில் யாருக்காவது கை நடுங்கினாலும் சரி, வலிப்பு வந்தாலும் சரி, கால் இழுத்துக்கொண்டாலும் சரி, பேச்சு கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: “ஸ்ரீசித்திராவுக்குக் கொண்டு போங்க.” திருவனந்தபுரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி அது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்கள் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. பெரிய தீனம் என்றால் மேற்கே போகும் பழக்கம் எல்லைக்கோடு மாறிய பிறகும் மாறவில்லை. தவறும் இல்லை, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆனால் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய், நாள் முழுக்கக் காத்திருந்து, டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்துவிட்டு, “இன்னொரு ஸ்கேன் எழுதியிருக்கார்” என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. முதல்முறை போகிறவர்களுக்காக இது.

முதலில்: போக வேண்டியது இவரிடம்தானா?

மூளை, முதுகுத்தண்டு, அங்கிருந்து கைகாலுக்குப் போகும் நரம்புகள், தசை இவற்றின் நோய்களை மருந்தால் பார்ப்பவர் நியூராலஜிஸ்ட். கட்டி, அடிபட்ட ரத்தக்கசிவு, தண்டுவட அழுத்தம் போன்றவற்றுக்குக் கத்தி எடுப்பவர் நியூரோ சர்ஜன். மனச்சோர்வு, சந்தேகம், காதில் குரல் கேட்பது என்றால் மனநல மருத்துவர். காலில் நீலமாக நரம்பு சுருட்டிக்கொண்டதற்கும் நரம்பு டாக்டரிடம் வந்து உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ரத்தக்குழாய், சர்ஜனிடம் போங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் “நரம்புத் தளர்ச்சி” விளம்பரத்துக்கும் இந்தத் துறைக்கும் சம்பந்தமே கிடையாது.

நியூராலஜிஸ்ட் பார்க்கும் கூட்டத்தில் அதிகம் இருப்பவை வலிப்பு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, பார்க்கின்சன் நடுக்கம், மறதி நோய், சர்க்கரையால் வரும் கால் எரிச்சல், மரத்துப்போதல். கூட்டத்தில் குறைவாக, ஆனால் தவறவிடக்கூடாதவையாக இருப்பவை: மாலையானால் இமை தொங்கி, மென்று தின்னவே களைத்துப்போகும் மயஸ்தீனியா, தரையிலிருந்து எழும்பும்போது தன் தொடையையே பிடித்து ஏறி நிற்கும் ஆண்பிள்ளைகளின் தசைச்சிதைவு. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கப் பருப்பு உடைக்கும் பெண்கள் “ராத்திரி கை மரத்து எழுந்து உதறுகிறேன்” என்று வருவார்கள். பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதுதான், அஞ்ச வேண்டாம். ஆனால் பெருவிரல் அடிச்சதை மெலியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஓ.பி. சீட்டுக்கு நிற்கக்கூடாத நேரங்கள்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோரும் படித்துவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அதைப் பக்கவாதம் என்றே எண்ணி 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயில் உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா, ரத்தக்கசிவா என்று பிரித்தாக வேண்டும். கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். பெரிய குழாயில் அடைப்பு என்றால் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் வசதியும் சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். அதற்காக “நேரம் இருக்கிறது” என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளை செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, “எதுவானாலும் திருவனந்தபுரம்” என்ற பிடிவாதத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் தாண்டுவதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்று இந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். இரவிலும் சி.டி. எடுத்து, அந்த ஊசியும் போடக்கூடிய அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்பதை இன்றே விசாரித்து, நம்பரை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். நாகர்கோவில் பக்கத்தில் இருப்பவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

அங்கே போனதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?” காலையில் எழும்பும்போதே கை வரவில்லை என்றால், கணக்கு எழும்பிய நேரத்திலிருந்து தொடங்காது, ராத்திரி படுக்கப்போகும்போது நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். அதைச் சொல்லத் தெரிந்த ஆள் ஆம்புலன்ஸில் கூடவே ஏறட்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவா அடைப்பா என்பது வீட்டில் தெரியாது. புறா ரத்தம் பூசினால் சரியாகிவிடும் என்று சொல்கிற பெரியவர் இருந்தால் அவரிடம் சண்டை போட நேரமில்லை, வண்டியை எடுங்கள்.

இன்னும் சில: 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, அல்லது நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு. வாழ்நாளில் வராத அளவுக்குச் சட்டென்று வெடித்த தலைவலி. காய்ச்சலோடு குழப்பம், பிதற்றல். காலில் தொடங்கிச் சில நாட்களில் இடுப்பு, கை என்று மேலே ஏறும் தளர்ச்சி. இது மூச்சுத் தசைக்கும் வரலாம், குய்லன் பாரே என்பார்கள். இவற்றில் எதற்கும் முன்பதிவு கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

முகம் மட்டும் கோணி, அந்தப் பக்கம் கண்ணும் மூடாமல், நெற்றியும் சுருங்காமல் இருந்தால் அது முகநரம்பு வாதமாக இருக்கலாம். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நன்றாகத் தேறும். ஆனால் இரண்டில் எது என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை; அன்றைக்கே காட்டுங்கள்.

கிளம்பும் முன்: ஒரு பக்கம் எழுதுங்கள்

அவசரம் இல்லாத தீனத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் நோயைப் பிடிப்பதில் பாதிக்கு மேல் நீங்கள் சொல்லும் விவரத்தில்தான் நடக்கிறது. ஸ்கேன் எங்கே தேட வேண்டும் என்பதே அந்த விவரத்திலிருந்து வருவது. பை நிறைய ஃபிலிம் கொண்டுபோய்விட்டு “எப்போ தொடங்கிச்சு?” என்றதற்கு “கொஞ்ச நாளா” என்பவரைவிட, ஃபிலிமே இல்லாமல் ஒரு தாளில் ஒழுங்காக எழுதிப் போனவருக்குத்தான் அன்று வேலை நடக்கும்.

ஒரு மாதிரி தருகிறேன், கற்பனைதான்:

“வயது 58. ரப்பர் பால்வெட்டு. வலது கை நடுக்கம், போன ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்கும். டம்ளரை எடுத்தால் நின்றுவிடும். ஆறு மாசமாக நடை மெதுவாகிவிட்டது, வலது கை வீசுவதில்லை. கையெழுத்து சிறுத்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. நாலு வருஷமாக உறக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார் (மனைவி சொன்னது). மீன் பொரிக்கிற மணம் தெரிவதில்லை. மலச்சிக்கல். பிரஷர் மாத்திரை ஒன்று. இரண்டு மாசமாக வைத்தியசாலைப் பொடி ஒன்று.”

இதைப் படிக்கிற டாக்டருக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஓய்வில் நடுங்கும் கை பார்க்கின்சன் பக்கம் காட்டும். டம்ளர் எடுக்கும்போதோ பேனா பிடிக்கும்போதோ கூடும் நடுக்கம் வேறு நோய், வேறு மருந்து. உறக்கத்தில் கத்துவதும், மணம் போவதும், மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே தொடங்கக்கூடியவை. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கையோடு அதைச் சேர்த்து யோசிக்கவே தோன்றாது. அந்தப் பொடியில் பூனைக்காலி விதை இருந்தால் அதிலேயே லெவோடோபா உண்டு, பார்க்கின்சனுக்கு டாக்டர் எழுதும் அதே சரக்கு. மறைத்தால் அளவு தப்பும். வர்மம், தடவல், கஷாயம், எண்ணெய், எதைச் செய்திருந்தாலும் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பதில் நட்டம் உங்களுக்குத்தான்.

வலிப்பு என்றால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. கண்ணால் பார்த்தவர் கட்டாயம் கூட வர வேண்டும். பார்த்தது அண்ணி, கூட வருவது மாமா என்றால் அந்தப் பயணம் பாதி வீண். அண்ணியால் வர முடியவில்லையா, போனில் பிடித்து நிறுத்துங்கள். அடுத்த முறை வரும்போது ஒருவர் ஆளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் வீடியோ எடுங்கள். கூச்சப்பட வேண்டாம், நூறு வார்த்தை சொல்லாததை அரை நிமிட வீடியோ காட்டிவிடும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, முதலில் இழுத்தது எந்தக் கை, நாக்கு கடிபட்டதா, சிறுநீர் போனதா, தெளிய எவ்வளவு நேரம் ஆனது, இவைதான் கேள்விகள். அதற்கு முன்னால் உறக்கம் கெட்டதா, மாத்திரை விட்டுப்போனதா, குடித்தாரா என்பதும் வேண்டும். சின்ன வயதில் காய்ச்சலோடு வந்த ஜன்னி, பிறந்தவுடன் அழாமல் இருந்தது, தலையில் அடிபட்டது எல்லாம் அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தசை, நடை சம்பந்தப்பட்ட நோய் என்றால் சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்பார்கள். குறை சொல்லக் கேட்பதில்லை. சில பரம்பரை நோய்கள் அந்த வழியில் வரும். தாய்வழி மாமன்மாரில் யாராவது இளமையிலேயே நடக்க முடியாமல் போனார்களா என்பதும் முக்கியம்.

தலைவலிக்காரர்கள் ஒரு மாதக் கேலண்டர் கொண்டு போங்கள். வலித்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். வட்டங்கள் மாதத்தில் பத்து, பதினைந்தைத் தாண்டினால் அந்த வலிமாத்திரையே தலைவலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

பதிவும் பயணமும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவ நிறுவனமானது. வலிப்புக்கென்றே ஆர். மாதவன் நாயர் மையம் அங்கே உண்டு. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு 1995-லிருந்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் நேராகப் போய் வரிசையில் நின்று பார்த்துவிடும் இடம் அல்ல அது. உள்ளூர் டாக்டரின் பரிந்துரைக் கடிதமும் முன்பதிவும் வேண்டும். எல்லாத் தலைவலிக்கும் அங்கே போக வேண்டியதும் இல்லை. முதலில் நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு நியூராலஜிஸ்ட்டைப் பார்த்து, அவர் அனுப்பினால் போவதுதான் நல்ல வழி.

ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஆஸ்பத்திரியில், அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்னாலேயே கவுன்டரில் கேளுங்கள், பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. ரயிலில் வருபவர்கள் தம்பானூரில் இறங்கினால் மெடிக்கல் காலேஜ் பஸ் கிடைக்கும். செங்கோட்டைக்காரர்கள் தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு வழியாக வருவார்கள். வளைவு வளைவான மலைப்பாதை, தலைசுற்றல் நோயாளியை முன்சீட்டில் உட்கார வையுங்கள்.

அறைக்குள்

கவனித்துக்கொள்ளுங்கள், பரிசோதனை நீங்கள் கதவைத் தாண்டி நடந்து வரும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் நடக்க முடிகிறவரைத் தேவையில்லாமல் சக்கர நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டுவார், உள்ளங்காலில் கீறுவார், அதிரும் இசைக்கவையைக் கணுக்காலில் வைத்து “தெரியுதா?” என்பார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். இது பரீட்சை இல்லை. முட்டிவரை ஏற்றக்கூடிய தளர்ந்த உடை நல்லது.

டாக்டர்களில் பலருக்குத் தமிழ் புரியும். சிக்கல் வருவது மருந்து கொடுக்கும் இடத்தில். மலையாளத்தில் “ராவிலே” என்றால் காலையில். நம் காதுக்கு அது ராத்திரி. உறக்கம் வரவழைக்கும் மாத்திரையைக் காலையிலும், காலை மாத்திரையை ராத்திரியிலும் விழுங்க இந்த ஒரு சொல் போதும். அட்டையின் மேலேயே சூரியன், நிலா படம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வெளியே வரும் முன் கேட்க வேண்டியவை: நோயின் பெயர் என்ன, எழுதித் தாருங்கள். மருந்து எவ்வளவு காலம்? எது நடந்தால் உடனே வர வேண்டும்? மறுபரிசோதனையை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாமா? ஆம் என்றால் உள்ளூர் டாக்டருக்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

டெஸ்டுகள்

இ.இ.ஜி.-க்கு (மூளையின் மின்னலைகளைப் பதியும் டெஸ்ட்) முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலை குளியுங்கள், எண்ணெய் கூடாது. நம் பக்கத்தில் இது பெரிய விஷயம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் படியிறங்காத வீடுகள் இருக்கின்றன. பட்டினி வேண்டாம். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொன்னாலொழிய நிறுத்த வேண்டாம். சிலரை ராத்திரி விழித்திருந்து வரச் சொல்வார்கள். இ.இ.ஜி. நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்று ஆகாது.

நரம்பின் வேகம் பார்க்கும் டெஸ்டில் சுளீர் என்று சின்ன ஷாக் வரும், அவ்வளவுதான். கைகாலில் எண்ணெய், கிரீம் பூசாதீர்கள். எம்.ஆர்.ஐ.-க்குள் தாலிச் சங்கிலி முதல் ஊக்கு வரை எதுவும் போகக் கூடாது. முந்தின நாளே வீட்டில் கழற்றி மஞ்சள் கயிறு கட்டி வருபவர்கள் உண்டு. பேஸ்மேக்கரோ பழைய ஆபரேஷன் கிளிப்போ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். குழாய்க்குள் பயம் என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். ஸ்கேன் படம் பதிந்து தரும் வட்டைப் பத்திரமாக வையுங்கள், ஃபிலிமை மடிக்காதீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படத்தைத் தானே பார்க்க விரும்புகிற டாக்டர்கள்தான் அதிகம்.

முதுகில் நீர் எடுப்பதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் எதிர்ப்பு வரும்: “குத்தினா கால் போயிடும்.” தண்டுவடம் இடுப்பின் மேல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது, ஊசி இறங்குவது அதற்கும் கீழே. பிறகு சில நாள் தலைவலி வரலாம். மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் இதை மறுத்து நேரம் கடத்துவதுதான் ஆபத்து.

மாத்திரை தொடங்கிய பிறகு

வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். திருவனந்தபுரத்தில் எழுதிய பிராண்ட் நம் ஊர் மெடிக்கலில் இல்லாமல் போவது வழக்கம். உள்ளே இருக்கும் மருந்துச் சரக்கின் பெயரையும் மில்லிகிராமையும் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். கடைக்காரர் தருகிற “அதே மாதிரி”யை டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். குளோபசாம், குளோனசெபாம் போன்றவை சீட்டு இல்லாமல் கிடைக்காது, அசல் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கார்பமசெபின், பெனிடாயின் தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே காட்டுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருவுக்குப் பாதிப்பு உண்டு. கர்ப்பம் தெரிந்த பிறகு பயந்து தானாக நிறுத்துவது அதைவிட மோசம்.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுவது நல்லது. மீன், முட்டை, பருப்புச் சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் போட்டால் சரியாக ஏறாது.

வீட்டில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், நேரம் பாருங்கள். வாயில் கரண்டி வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். வலிப்பு இரும்பால் நிற்பதில்லை, தானாக நிற்கிறது. வலிப்பு அடங்காத காலத்தில் பனையேற்றமும் தென்னையேற்றமும் கூடாது, குளத்தில் தனியாகக் குளிக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் விண்ணப்பத்தின் படிவம் 1-லேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. தூத்தூர், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறவர்கள்; அவர்களிடம் இதைச் சொல்வது வருமானத்தை நிறுத்தச் சொல்வதுதான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கரையில் என்ன வேலை பார்க்கலாம் என்பதையும் அந்த டாக்டரிடமே பேசுங்கள், பலர் பேசுவதில்லை.

பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபியை வீடு வந்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நோய் நீடிப்பது என்றால் ஊனச் சான்று பற்றி யோசியுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் இருக்கின்றன. மருத்துவம் பார்த்தது திருவனந்தபுரத்திலானாலும் சான்றுக்கு நம் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம், நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே உள்ள மருத்துவக் குழு பார்ப்பது அந்தப் பக்கத்து டாக்டர் எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தை. அதனால் அதில் நோயாளியின் பெயரும் தகப்பன் பெயரும் ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்கும் முன் படித்துப் பாருங்கள். மலையாளத்தில் கேட்டு எழுதும்போது எழுத்து மாறுவது சாதாரணம், பிறகு திருத்த இன்னொரு பயணம் ஆகும்.